ஊமைக் கட்டை

எங்கள் வீட்டு ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டை ஊமை. எங்கேயோ ஓரத்தில் கிடந்தால் பரவாயில்லை. நட்டநடுவில், கை தானாகப் போய் விழுகிற இடத்தில் இருந்த கறுப்புக் கட்டை அது. அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும் வரும். மற்றக் கட்டைகளெல்லாம் நன்றாகவே பேசின.

டாக்கி என்கிற பேசும்படம் வந்த புதிதில், தென்காசியில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனி கூட்டமில்லாமல் நொடித்துப்போய்ச் சாமான்களை விற்றது. யாரோ ராஜா உட்காருகிற நாற்காலியை வாங்கினார்கள். ஒருவர் நந்தவனம் எழுதிய திரைச்சீலையை வாங்கி நெல்லுக்குப் படுதாவாகப் போட்டார்; மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு முற்றத்தில் மாதுளையும் மயிலும் நனைந்துகொண்டு கிடந்தன. என் அப்பா ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குத் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை. சங்கீதம் என்றால் உயிரை விடுவார். ஆனால் அவர் வாயைத் திறந்து பாடினால் சேலை எடுக்க வந்தவர்கள் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே அந்த ஆசையையெல்லாம் என் தலையில் கட்டினார். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

கம்பெனியில் பெட்டி வாசித்தவர் ஊரைவிட்டுப் போகும்வரை சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து விரல் வைக்கக் காட்டிக்கொடுத்தார். ஊமைக் கட்டையின் கதையையும் அவர்தான் சொன்னார். அதன் ரீடு, காற்றில் அதிர்கிற பித்தளை நாக்கு, கெட்டுப்போய் அபஸ்வரமாகக் கத்துகிறதாம். அதனால் உள்ளே காகிதம் ஒட்டி வாயை அடைத்துவிட்டாராம். "அதைத் தொடாதே பாப்பா. தாண்டிப் போயிரு" என்றார். நான் தாண்டிப் போனேன். எந்தப் பாட்டிலும் அந்த இடம் வந்தால் விரல் ஒரு எட்டு எட்டிப் பக்கத்துக் கட்டையில் குதிக்கும். போகப்போக, தாண்டுவதும் பாட்டில் ஒரு சங்கதி என்றே எனக்கு ஆகிவிட்டது.

அம்மாவுக்குப் பெட்டியைக் கண்டால் ஆகாது. கூத்துக்காரர்கள் கைபட்ட சாமான் என்று அதைத் துடைக்கிற துணியைக்கூடத் தனியாக வைத்திருந்தாள். "சின்னப்பிள்ளை, வாசிச்சா வாசிச்சிட்டுப் போகட்டும். பெரிய பிள்ளை ஆனதும் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்" என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். என் அண்ணனுக்குப் பெண் தேடியபோது தரகரிடம் போட்ட முதல் நிபந்தனையும் அதுதான். "பாட்டு, பெட்டின்னு இருக்க பிள்ளை நமக்கு வேண்டாம். வீட்டுக்கு ஒரு கூத்து போதும்." அந்த ஒரு கூத்து நான். எனக்கு அதில் பெருமைதான்.

தரகர் செங்கோட்டையில் பெண் பார்த்துக்கொடுத்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். இருந்தும் எங்கள் வீட்டிலிருந்து காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். பெண் கொஞ்ச காலம் புனலூரில் தன் மாமா வீட்டில் வளர்ந்தவள், அடக்கமானவள், பாட்டு கூத்து ஒன்றும் தெரியாது என்று தரகர் சொன்னார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

கல்யாணம் ஆனி மாதத்தில் நடந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி எங்கும் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சாரலுக்குக் குடை பிடித்துப் பிரயோஜனமில்லை. அது மேலேயிருந்து விழாது, பக்கவாட்டில் நடந்து வரும். வில்வண்டியில் பெட்டியை என் மடியில் வைத்து, அப்பாவின் கடைத்துப்பட்டியால் மூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். நலங்குக்கு நான் வாசிப்பதாக ஏற்பாடு. அப்பா சம்பந்தி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்தபோது துப்பட்டி ஈரமாக இருந்தது. பெட்டியின் மேல்பலகையிலும் முத்துமுத்தாக நீர் பூத்திருந்தது. பாவாடையால் துடைத்துவிட்டு அதோடு மறந்துபோனேன்.

சாயங்காலம் நலங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, தேங்காய் உருட்டி விளையாடுகிற நேரம். கூடம் கொள்ளாத கூட்டம். புதுப்பெண் தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். நான் அவள் எதிரே பெட்டியோடு உட்கார்ந்து நலங்குப் பாட்டை ஆரம்பித்தேன். ஒரு அடி நன்றாகப் போயிற்று. இரண்டாவது அடியில், நான் தொடாமலே, ஊமைக் கட்டை வாயைத் திறந்தது.

அது வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ரகம். 'ஙொய்' என்று ஒரே ஸ்வரத்தில் இழுத்தது. அந்தக் கட்டையைத் தட்டினேன், நிமிண்டினேன், உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தேன். துருத்தியை விட்டுக் கையை எடுத்தேன். உள்ளே இருந்த காற்று தீருகிறவரை கத்திவிட்டுத்தான் ஓய்ந்தது. மறுபடி துருத்தியைத் தொட்டதும் மறுபடி ஆரம்பித்தது. சாரல் ஈரத்தில் பசை இளகி, காகிதம் கழன்று, கட்டையின் காற்றுத்துளை மூடி மூடாதபடி இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உலகமே ஙொய் என்று கத்தியது.

பெண்ணின் தாய்மாமா பெரிய கேலிக்காரர். பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒத்து வந்தாச்சு. நாயனம் எங்கப்பா?"

நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று, கடைசிவரை ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருப்பாரே, அவர் கையிலிருப்பதற்குப் பெயர் ஒத்து. கூடம் அதிர்ந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த அண்ணன்கூடச் சிரித்தான். அப்போதுதான் அது நடந்தது. குனிந்த தலை நிமிராத புதுப்பெண் நிமிர்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வாயைப் பொத்தாமல், பொட்டு கலைய, கண்ணில் நீர் தளும்ப, பக்கத்திலிருந்த பெண்கள் முழங்கையால் இடிக்க இடிக்க அடக்க முடியாமல் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன். அவளை மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வாழவருகிறவள் எங்கள் வீட்டுப் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பதா? அன்றைக்குப் பந்தியில் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்தேன். பாயசத்தை நான் தொடவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் அண்ணன் பெட்டியைத் திறந்து, மாட்டியிருந்த காகிதத்தை எடுத்துவிட்டு, புதுக்காகிதம் வைத்து மாவுப்பசை தடவி ஒட்டினான். கட்டை மறுபடி ஊமையானது. கூடவே நானும். இனி ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டேன் என்று வாய்க்கால்கரைப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தேன்.

அது வெறும் கோபமாக இருந்தால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்கும். வெட்கம் அப்படி ஆறுவதில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் ஒருதரம் பெட்டி முன்னால் போய் உட்காரத்தான் செய்தேன். விரலை வைத்ததும் அந்தச் சிரிப்பு கேட்டது. கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. முன்பெல்லாம் சோறு வேகிற நேரத்தில்கூட ஓடிப்போய் வாசிப்பேன். இப்போது அதன் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அப்பா கடையிலிருந்து வந்ததும், "இன்னைக்குப் பெட்டி பேசிச்சா?" என்று கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவர் கால் கழுவப் போய்விடுவார். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திக்கொண்டார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. அம்மா பெட்டியின் மேல் முறத்தை வைத்து வத்தல் காயவைத்தாள்.

புதுமதினியை ஆடிக்குத் தாய் வீட்டார் அழைத்துப்போய், ஆவணியில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மதினி என்போம். வந்த அன்றைக்கே அவள் என்னிடம், "தாகமா இருக்கு. இத்திரி வெள்ளம் தருவியா?" என்றாள். புனலூர்ப் பேச்சு. அங்கே குடிக்கிற தண்ணீருக்கு அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "வெள்ளம் வேணும்னா குத்தாலத்துக்குப் போங்க மதினி, அங்கதான் பெருகி ஓடுது" என்றேன். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவள் ஒரு கணம் முழித்துவிட்டுச் சிரித்தாள். மறுபடியும் சிரிப்பு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரை 'ணங்' என்று வைத்துவிட்டு வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் புளியங்குடியிலிருந்து ஒருவர் வந்தார். எலுமிச்சைக் கமிஷன் மண்டிக்காரர், அப்பாவுக்குத் தெரிந்தவர். அவர்கள் ஊர் பஜனைக்கு ஒரு ஆர்மோனியம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா முந்திக்கொண்டாள். "இங்கன ஒண்ணு சும்மாதான கெடக்கு. அண்ணாச்சி எடுத்துட்டுப் போகட்டும்." அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சரி, மழை கழிந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது எனக்குத் தெரிந்தது. ஆனால் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தாயிற்றே.

மண்டிக்காரருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த மதினி, தம்ளரை வாங்குவதற்காக அங்கேயே நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, நாத்தனா எனக்குப் பெட்டி சொல்லித்தருவாளா?"

அம்மாவின் கை நின்றது. "ஒனக்கு எதுக்குட்டி அது?"

"சும்மா, அவகூட விளையாடத்தான் அத்தை. என்கூடப் பேசவே மாட்டேங்கா. இந்தச் சாக்குலயாவது பேசுவாள்லா."

அம்மாவுக்கு அந்த நியாயம் பிடித்துப்போயிற்று. மருமகளும் மகளும் முறைத்துக்கொண்டு திரிவது அவளுக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. "பிள்ளையோட விளையாடுததுக்கு என்ன, விளையாடு" என்றாள். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் மட்டும், எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று, சொல்லித்தர மாட்டேன் என்று சாதித்தேன்.

"சரி, நானே தட்டித்தட்டிப் பாக்கேன்" என்றாள் மதினி.

மறுநாள் மத்தியானத்திலிருந்து என் பாடு திண்டாட்டமாயிற்று. அம்மா கண்ணயர்ந்ததும் மதினி முறத்தை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டி முன்னால் உட்காருவாள். ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோலக் கொத்துவாள். வேறு பாட்டா இல்லை உலகத்தில்? அதே நலங்குப் பாட்டு. அதிலும் அரைகுறை. ஒரு அடியைத் தொடங்கி நடுவில் விட்டுவிடுவாள். கேட்கிறவனுக்குத் தும்மல் வந்து நின்றுபோனதுபோல இருக்கும். நான் கிணற்றடிக்குப் போனேன், அங்கேயும் கேட்டது. புறவாசலில் போய்ப் புளியங்கொட்டை வைத்துத் தாயம் ஆடினேன், அங்கேயும் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊமைக் கட்டையில் வந்து 'டொக்' என்று முட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து கத்தினேன்.

"மதினி, அந்த இடத்துல தாண்டணும்."

"எந்த இடத்துல?"

"அதான், டொக்குன்னு கேக்குல்லா, அங்க."

"அது எப்படித் தாண்டுதது? காட்டினாத்தானே எனக்குத் தெரியும்."

அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். முதல் அடியை வாசித்தேன். இரண்டாவதில் ஊமைக் கட்டையைத் தாண்டினேன். அதோடு விட்டுவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் விரல்கள் கிளம்பிவிட்டன. அடுத்த அடிக்குப் போய், சரணத்துக்குப் போய், பாட்டை முடித்துவிட்டுத்தான் நின்றன. முடித்த பிறகுதான், சிரிப்பு ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். மதினி என்னைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவர்கள் இலையைப் பார்ப்பார்களே, அப்படி.

பிள்ளையாரிடம் மறுநாள் விவரத்தைச் சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன். சத்தியம் செய்தது வாசிக்க மாட்டேன் என்று. இது வாசிப்பதல்ல, சொல்லிக்கொடுப்பது.

என்னைப்போல் கண்டிப்பான வாத்தியார் தென்காசியிலேயே கிடையாது. விசிறிக் காம்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். விரல் தப்பினால் மதினியின் புறங்கையில் லேசாக ஒரு தட்டு. அவள் தட்டு வாங்கிக்கொண்டு, "இனிச் சரியா வைக்கேன்" என்பாள். எனக்கு ஒரு மாதம் பிடித்த பாடம் அவளுக்கு ஒரு நாளில் வந்தது. என் போதனையின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கேட்கிற கேள்விகள்தான் தொல்லை. "இதையே மேலேயிருந்து கீழ வந்தா எப்படி இருக்கும்?" என்பாள். "இதை வேகமா ஓட்ட ஒன்னால முடியுமா?" என்பாள். வாத்தியாரிடம் முடியுமா என்று கேட்கலாமா? அவளுக்குக் காட்டுவதற்காக அவள் அடுப்படியில் இருக்கிற நேரத்தில் ரகசியமாகப் பழகி வைத்துக்கொள்வேன். அப்படிப் பழகிப் பழகி, கம்பெனிக்காரர் சொல்லித்தராத வித்தையெல்லாம் என் கையில் வந்து சேர்ந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையில் கண்விழித்ததும் பெட்டி ஞாபகம் வருகிற பழைய சந்தோஷம் திரும்பிவிட்டது.

இவ்வளவு சூட்டிகையான மதினிக்கு ஒன்று மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்த ஊமைக் கட்டை. அந்த இடம் வந்தால் அவள் விரல் நேரே அதில்தான் போய் விழும். டொக்.

"அது ஊமைன்னு ஒங்களுக்குத் தெரியும்லா மதினி?"

"தெரியும். விரல் கேக்க மாட்டேங்கு."

நூறு தடவை சொல்லியிருப்பேன். தாண்டுங்க, தாண்டுங்க என்று என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அம்மாவிடம் போய், மதினிக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று புகார் சொன்னேன். "ஏறாட்டா நல்லதுதான். நமக்கு அவ சமைச்சாப் போதும்" என்றாள் அம்மா.

மழை கழிந்து புளியங்குடிக்காரர் வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து, கையைப் பிசைந்துகொண்டு, பிள்ளை மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேருமாகப் பேசி வேறொரு பெட்டிக்கு வழி பார்த்தார்கள். எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அழைப்பு வந்தது. நான் பெட்டியை மூடிவிட்டுக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அதுதான் மிச்சமிருந்த குறை. மதினியைத் தவிர வேறு ஒரு ஆள் நடையில் கால் வைத்தாலும் என் விரல் மரத்துப்போகும். யாராவது இப்போது ஒத்து என்று சொல்லப்போகிறார்கள் என்று காது அடைத்துக்கொள்ளும்.

அடுத்த ஆனியில் மதினிக்கு வளைகாப்பு வந்தது. எங்கள் வீட்டில் வளையல் போட்டு, மறுநாள் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் கொண்டுவிடக் கிளம்பினோம். சீசன் நேரம், போகிற வழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவதென்று அப்பா சொன்னார். அந்த வருஷம் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போனார்கள். வாயும் வயிறுமாக இருக்கிற மதினி போகக்கூடாது. துணைக்கு நான், தூவானம் படுகிற தூரத்தில் ஒரு பாறைமேல் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.

பேரருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். மதினியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்னவோ சொல்கிறாள் என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன். பேசவில்லை. பாடிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு அல்ல, கழுத்து நரம்பு தெரிய, முழுத்தொண்டையில். அருவிச் சத்தத்தில் எனக்கு ஒரு நூல் மட்டும் கேட்டது. அவள் வலதுகை ஈரப்பாறையின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை விரலால் கொத்தவில்லை. எல்லா விரலும் ஓடின. ஊமைக் கட்டையின் இடம் வந்தபோது கவனித்தேன், அவள் தாண்டவில்லை.

"தாண்டுங்க மதினி" என்று காதருகே கத்தினேன். பாறையில் என்ன ஊமைக் கட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் என் ஈரத்தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தாள். என்ன அக்கறையாகப் பாடம் படிக்கிறாள் என்று நான் பூரித்துப்போனேன்.

செங்கோட்டை வீட்டில் அதே கூடம். அதே தாய்மாமா. என்னைக் கண்டதும் அவருக்கு வாய் ஊறிவிட்டது.

"ஏட்டி ஒத்து, வா வா. எங்க ஒன் பெட்டி?"

பெட்டி கொண்டுவரவில்லை என்றேன், தப்பித்தோம் என்ற நிம்மதியில். மதினியின் அம்மா உடனே உள்ளே போனாள். வெல்வெட்டுத் துணி போர்த்திய ஒன்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். துணியை விலக்கினால் ஆர்மோனியப் பெட்டி. எங்களுடையதைவிட நல்ல பெட்டி.

"இங்கன யாரு வாசிக்கா?" என்றாள் என் அம்மா.

மதினியின் அம்மா மகளைப் பார்த்தாள். தாய்மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா கெடக்கு அத்தை" என்றாள் மதினி. "இப்ப நாத்தனா வாசிப்பா."

ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் மதினி கஷ்டப்பட்டுக் காலை மடக்கி எனக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியின் துருத்தியைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கையில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

"நான் காத்து அடிக்கேன். நீ வாசி. வேற யாரையும் பாக்காத, என்னையப் பாரு."

பார்த்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் பயம்போல இருந்தது. நான் வாசிக்காமல் போனால் அவளுக்கு ஏதோ பெரிய நஷ்டம் வந்துவிடும் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்தேன். நலங்குப் பாட்டைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. அதையே ஆரம்பித்தேன். முதல் அடி நடுங்கியது. இரண்டாவது அடியில் வழக்கம்போல் நடுக்கட்டையைத் தாண்டிக் குதித்தேன். திருப்பி அதே அடிக்கு வந்தபோது மதினி குனிந்து என் காதோடு சொன்னாள்.

"தாண்டாத. இங்கன அது ஊமையில்ல."

அழுத்தினேன். கட்டை பாடியது. அத்தனை நாள் நான் ஓட்டை விழுந்த பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஒரு ஸ்வரம் வந்து உட்கார்ந்ததும் பாட்டு முழுசாகிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மறுபடி மறுபடி அந்த அடிக்கே வந்தேன், அந்தக் கட்டையை அழுத்துகிற ஆசையில். கூடத்தில் ஆள் இருப்பதே மறந்துபோனது. மற்றக் கறுப்புக் கட்டைகளெல்லாம் பளபளவென்று இருக்க, அடிக்கடி விரல் விழும் சிலவற்றில் மட்டும் சாயம் தேய்ந்து மரம் தெரிந்ததைப் பார்த்தேன். பழைய பெட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் தாய்மாமா கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டார். பிறகு, "இது ஒத்து இல்ல, நாயனம்" என்றார். அப்பா மேல்துண்டால் மூக்கைச் சிந்தினார். மதினி துருத்தியை விடாமல், காற்றில்லாத பெட்டியை இன்னும் லேசாக அசைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் ஓயாமல் பேசினேன். எப்படி வாசிக்க வேண்டும் என்று மதினிக்கு இப்போதாவது தெரிந்திருக்கும் என்றேன். அம்மா வெகுநேரம் வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, ஒனக்கு அவ சொல்லிக்கொடுத்தாளா, அவளுக்கு நீ சொல்லிக்கொடுத்தியா?"

"நான்தான்" என்றேன். இதிலென்ன சந்தேகம்?

அதன்பிறகு பெட்டியின்மேல் முறம் ஏறவில்லை. குழந்தையோடு மதினி திரும்பி வந்தபோது, செங்கோட்டைப் பெட்டியும் வண்டியில் கூடவே வந்தது. அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளையைத் தூங்கவைக்க ஆகும் என்றாள். நான் பெரியவள் ஆன பிறகும் இரண்டு பெட்டிகளும் பரணுக்குப் போகவில்லை.

மதினி எங்கள் வீட்டில் முதன்முதலாகப் ஐந்து விரலும் ஓட வாசித்த மத்தியானத்தில் பாடத்தின் ரகசியம் எனக்குப் பிடிபட்டது. பழக்கமில்லாத விரலுக்கு ஊமைக் கட்டையைத் தேடிப்போகத் தெரியாது என்பதும் புரிந்தது. எனக்காக அப்படி ஒரு நாடகம் ஆடினாளே என்று நெகிழ்ந்துபோய், வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன். அவளுக்கும் அந்தப் பெட்டி வேண்டியிருந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது. நலங்கில் அவள் சிரித்த சிரிப்பு மட்டும் எங்கேயோ முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பல வருஷம் கழித்து மதினியே சொல்லும்வரை, என்னைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவள் வீட்டார், போகிற வீட்டில் பெட்டியைத் தொடக்கூடாது, தெரியும் என்றுகூட வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி, அவள் பெட்டியை வெல்வெட்டுத் துணியால் போர்த்தி உள்ளே வைத்துவிட்டு அவளைக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்போது மாப்பிள்ளையின் வீட்டிலிருந்து ஒரு சின்னப்பிள்ளை, மடிகொள்ளாத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நேர் எதிரே உட்காருகிறது. அந்தப் பெட்டி ஊர் முழுக்கக் கேட்கும்படி ஙொய் என்று கத்துகிறது. அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்.